மாசிக்கு மேல் வெறும் தாள்

என்னங்க,

நல்லா தூங்குறீங்க, எழுப்பலை. சாத்தம் ஜெட்டிக்கு ஓடினாதான் வேலைக்குப் போற போட் கிடைக்கும். இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு, மீன் குழம்பைச் சுட வச்சுக்குங்க.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பிஸ்வாஸ் இன்னைக்கு வருவார், புது விண்டோஸ் போட. போட்டா உங்க ஜாதக சாஃப்ட்வேர் இனிமே ஓடாதுன்னு அவரே சொல்லிட்டார். "தொலையட்டும், பழைய கம்ப்யூட்டர், அதான் கோளாறு பண்ணுது"ன்னு ராத்திரி கத்துனீங்க. கோளாறுன்னா எல்லாருக்கும்தானே வரணும்? உங்க ஜாதகம், என்னுது, நம்ம பொண்ணு பானுவோடது, மாடி வீட்டுக்காரங்களோடது, இந்தத் தீவுல இருக்கிறவங்க எல்லாரோடதும் வர்ற மாசியோட நின்னுடுது. அதுக்கு மேல வெறும் தாள்தான் வருது. மதுரையில இருக்கிற என் தங்கச்சிக்கு மட்டும் எண்பது வயசு வரைக்கும் அச்சாகுதே, அது எப்படி?

பிஸ்வாஸ் வந்தா டீ குடுத்து உட்கார வைங்க. என்கிட்ட பேசாம அதுல கை வைக்க விடாதீங்க.

சுசீலா

கோபப்படாதீங்க. உங்ககிட்ட கேக்காம நேத்து சாயந்திரம் பானுவுக்கு சென்னைக் கப்பல்ல டிக்கெட் எடுத்துட்டேன். நீங்க எவ்வளவு மறிச்சாலும் சரி, அவ மெயின்லேண்டுலயே படிக்கட்டும்.

இன்னொண்ணு. இப்ப நான் கிளம்புறதுக்கு முன்னாடி அவ ஜாதகத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். இப்ப முழுசா வருதுங்க, கிழவியாகிற வரைக்கும். பிரிண்டர் மேல வச்சிருக்கேன், பாருங்க. நம்ம ரெண்டு பேருது இன்னும் மாசியிலயேதான் நிக்குது.

போன் பண்ணிச் சொல்லுங்க. பிஸ்வாஸை ஆரம்பிக்கச் சொல்லவா, இல்ல இன்னும் ரெண்டு டிக்கெட் எடுக்கவா?