பக்கத்தில் இருந்த நல்ல வெங்காயம்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஹைதராபாத்திலிருந்து சிந்து. கன்னத்துத் தையல் காய்ந்துவிட்டதா? கஞ்சி தவிர வேறு ஏதாவது இறங்குகிறதா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

"கட்டிய எடுக்கச் சொன்னா, சுத்தி இருந்த நல்ல சதையையும் அறுத்துட்டாங்க" என்று அம்மாவிடம் இன்னும் பொருமுகிறீர்களாம். நேற்று எங்கள் புற்றுநோய் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வந்த கல்லூரிப் பெண்களும் இதையேதான் கேட்டார்கள். பக்கத்துச் சதை பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் கட்டி அதைத் தன் பக்கம் இழுத்து, தனக்குத் தீனி போடவும் கழுத்துவரை பரவ வழிவிடவும் பழக்கிவிடும் என்றேன். அவர்கள் முழித்தார்கள்.

அப்புறம் அறுத்த வெங்காயத்தைக் குவித்துச் சேமிக்கும் நம் பட்டறையைச் சொன்னேன். அழுகியதோடு, அதை ஒட்டிக் கிடந்த நல்ல வெங்காயத்தையும் நீங்கள் பொறுக்கி எறிவதையும், "நல்லத ஏங்க வீசுறீங்க" என்று அம்மா சண்டைக்கு வருவதையும் எனக்குத் தெரிந்த தெலுங்கில் நடித்தே காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, கை கழுவப் போவதுபோல் வெளியே போய்விட்டேன்.

பெரம்பலூரிலிருந்து யாராவது வந்தால் கொஞ்சம் சின்ன வெங்காயம் கொடுத்தனுப்புங்கள். இங்கே கிடைப்பதில் நம் வீட்டுக் குழம்பு ருசி வரவில்லை.

ஆய்வுக்கூட வேன் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன். பேச்சு குழறுகிறதென்று போனை அம்மாவிடம் நீட்டிவிடாதீர்கள். எப்படிக் குழறினாலும், நீங்கள் கூப்பிடுவது என்னைத்தான் என்று எனக்குத் தெரியாதா?

உங்கள்
பாப்பா