மூட்டுவலிப் பொடி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணங்கி எழுதுகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் தேறிவிட்டேன். கண் மஞ்சளாகிக் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன், அவ்வளவுதான்.

"வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டபோதெல்லாம் இல்லையென்றே சொன்னேன். மூட்டுவலிக்கு நீ இடித்து அனுப்பும் பொடியை நாம் என்றைக்கு மருந்துக் கணக்கில் சேர்த்தோம்? மாற்றுத்துணி கொண்டுவந்த அறை நண்பன்தான் அந்தப் பொடி டப்பாவையும் டாக்டரிடம் நீட்டினான்.

"இதுதாங்க ஈரலைக் கெடுத்திருக்கு. வேரும் இலையும் ஒண்ணும் பண்ணாதுன்னு யார் சொன்னது?" என்றார் டாக்டர். நிறுத்தியதும் மஞ்சள் இறங்கியது.

உன்மேல் வருத்தமில்லை. பொடிக்குப் பதில், உன் நினைவாக, நீ போர்த்திக்கொள்ளும் போர்வையை அனுப்பு.

போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். அதே பொடியை நீயும் தினம் சாப்பிடுகிறாய், நிறுத்திவிடு. வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் வந்துவிட்டது. இதை வாசித்ததும் வெளிச்சத்தில் நின்று, அண்ணியிடம் உன் கண்ணைக் காட்டும்மா.

உன் மகன்