எதிர்த்தரப்பின் வோட்டு

நுங்கம்பாக்கம்
10 பிப்ரவரி 2025

அன்புள்ள உமைமாவுக்கு,

சலாம். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸப்பிலும் என்னை பிளாக் செய்துவிட்டாய். கோர்ட் வராந்தாவில் எதிரே வந்தால் தூணைப் பார்த்துக்கொண்டு போகிறாய். சட்டக் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். அதற்காகவாவது இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் படி.

நம் தொழிற்சட்ட வழக்கறிஞர் பேரவை ஆண்டுதோறும் ஒருவருக்கு மரியாதை செய்கிறதல்லவா? நீதிபதிகளோ கம்பெனிகளோ அதற்கு ஆள் பொறுக்குவதில்லை. தொழிலாளி பக்கம் நிற்கும் வக்கீல்களும் நிர்வாகத்தின் பக்கம் நிற்கும் வக்கீல்களும் சேர்ந்து வோட்டுப் போடுகிறோம். இந்த முறை உன் பெயரை முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவரும் எங்கள் நிர்வாகப் பக்கத்து ஆள்தான், பென்னி சார். வடசென்னையில் ஆபீஸ் வைத்திருக்கும் யாருக்கும் இது இதுவரை போனதில்லை. உன் சம்மதம் மட்டும் வேண்டும்.

"அந்தப் பொண்ணு இன்னாடா இப்பல்லாம் வூட்டாண்டயே வர்றதில்ல? சண்டையா?" என்று அம்மா கேட்கிறாள். உனக்குக் கேஸ் அதிகம் என்று சமாளித்து வைத்திருக்கிறேன். போன வாரம் வஞ்சிரத்தில் உன் பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

அன்புடன்,
திருமுருகன்


கல்மண்டபம், ராயபுரம்
16 பிப்ரவரி 2025

திருமுருகனுக்கு,

திட்டச் சொன்னாய். திட்டுகிறேன்.

குப்பம்மாவை நீ மறந்திருக்க மாட்டாய். எண்ணூர்த் தொழிற்சாலையில் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தவள். சங்கத்தில் சேர்ந்ததும் வேலை போனவள். அவளாகவே வராமல் நின்றுவிட்டாள் என்பது உன் கம்பெனியின் வாதம். கூண்டில் நிறுத்தி, "வேலைக்கு வந்தீர்களா, இல்லையா?" என்று கேட்டாய். "வரல சார், ஆனா..." என்று அவள் தொடங்கும்போதெல்லாம், "ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று" என்று வெட்டினாய். கடைசியில் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். வேறு யாராவது கேட்டிருந்தால் இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. நீ திருவொற்றியூர்க் குப்பத்தில் பிறந்தவன். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் என்ன வரும் என்று உனக்குத் தெரியும்.

இப்போது அதே கையால் எனக்குச் சால்வையா?

விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. சங்கச் செயலாளர் லோகநாதன் நேற்று வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"இன்னாம்மா, கம்பெனி வக்கீலுங்கோ ஒண்ணா சேந்து உனுக்கு மாலை போட்றாங்களாமே? அப்ப எங்க கேஸு இன்னா ஆவறது?"

"ஒண்ணும் ஆவாது அண்ணே."

"எனுக்குத் தெரியும். நம்ம சங்கத்துப் பொம்பளைங்களுக்கு யாரு சொல்றது?"

எதிரி பாராட்டினால் எங்கள் ஆட்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். பல முறை ஏமாந்து கற்ற சந்தேகம் அது, அதைக் குறை சொல்ல மாட்டேன். என் பெயரை எடுத்துவிடு.

அம்மாவுக்கு என் சலாம். அவர்களோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

உமைமா


நுங்கம்பாக்கம்
2 மார்ச் 2025

அன்புள்ள உமைமாவுக்கு,

குறுக்கு விசாரணை என் தொழில். அதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதினால் நீயே நம்பமாட்டாய். ஆனால் அன்று அதற்குப் பிறகு நடந்ததை நீ எழுதாமல் விட்டுவிட்டாய்.

குப்பம்மா அழுததும் நீ எழுந்து கத்துவாய் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நீ அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாய். அவள் குடித்து முடிக்கிறவரை காத்திருந்தாய். பிறகு உன் முறை வந்ததும், மறுவிசாரணையில் ஒரே ஒரு கேள்வி. "வேலைக்கு வராத அந்த நாளெல்லாம் எங்கம்மா இருந்தீங்க?" என்றாய். "கேட்டாண்டதாம்மா. வெயில்ல நின்னுகினு இருந்தேன். உள்ள வுடல." அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டாய். அன்று மாலை என் கட்சிக்காரரிடம் நான் என்ன சொன்னேன் என்பதை உனக்குச் சொல்லக் கூடாது. நீயே ஊகித்துக்கொள்.

எங்கள் பக்கத்தில் உனக்கு வோட்டுப் போடுகிறவர்கள் உன்மேல் உள்ள பிரியத்தால் போடவில்லை. எதிரே உமைமா என்றால் கட்சிக்காரரிடம் பொய்த் தைரியம் சொல்ல முடியாது. அதனால் போடுகிறார்கள்.

இன்னொரு விஷயம். இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. என் தங்கை வினிதா மாதவரம் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் கணக்குப் பிரிவில் இருந்தாள் அல்லவா? மாசமாக இருப்பதாகச் சொல்லி விடுப்புக் கேட்டாள். மறு வாரமே கேட்டில் நிறுத்திவிட்டார்கள். இப்போது அவளாகவே வரவில்லை என்று சொல்கிறார்கள்.

"நீ வக்கீலாச்சே, போய்க் கேளேன்டா" என்கிறாள் அம்மா. எப்படிக் கேட்பேன்? அந்தக் கம்பெனிக்கும் எங்கள் ஆபீஸ்தான் வக்கீல். அந்தக் கேஸில் என் நிழல்கூட விழாது என்று மேலே எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்கே முகம் சுளித்தார்கள். தங்கைக்காக எதிரே போய் நிற்கவும் வழியில்லை. யாரிடம் போகட்டும் என்று அவள் கேட்டதும் யோசிக்காமல் உன் பெயரைச் சொன்னேன்.

வோட்டு யாருக்கு வேண்டுமானாலும் போடலாம், உமைமா. தங்கையை அப்படி அனுப்ப முடியாது.

எனக்காக எதுவும் செய்யாதே. அவள் சொல்வதைக் கேட்டு நீயே முடிவு செய்.

திருமுருகன்


கல்மண்டபம், ராயபுரம்
14 மார்ச் 2025

அன்புள்ள முருகாவுக்கு,

வினிதா வந்தாள். கேஸை எடுத்துக்கொண்டேன். உன்னிடம் எதையும் சொல்ல மாட்டேன், நீயும் கேட்காதே. ஆனால் அன்று ஆபீஸில் நடந்ததை மட்டும் சொல்லலாம் என்று அவளே அனுமதி கொடுத்தாள்.

அவள் வந்தபோது குப்பம்மாவும் இன்னும் சில பெண்களும் இருந்தார்கள். வினிதா எதையும் மறைக்கவில்லை. "அக்கா, நான் யார் தங்கச்சின்னு இவங்களுக்குத் தெரியணும். அப்புறம் தெரிஞ்சா உங்களத்தான் தப்பா நெனப்பாங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

குப்பம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்த வக்கீலு தங்கச்சியா நீ? உன்னியுமா கேட்டாண்ட நிக்க வெச்சாங்கோ?"

"ஆமாக்கா."

"புள்ளத்தாச்சிய நிக்க வெச்சவன் நல்லா இருப்பானா? இங்க வந்தும் இன்னாத்துக்கு நின்னுகினு கீற? குந்து மொதல்ல."

தான் உட்கார்ந்திருந்த நாற்காலியையே கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எம்மா, எதிராளியே கூடப் பொறந்தவள உன்னாண்ட அனுப்பிக்கீறான். இதுக்கு மேல எங்குளுக்கு இன்னா சந்தேகம்? குடுக்கற மாலைய வாங்கிக்கோ. ஆனா பெரிய ஓட்டலாண்டல்லாம் வாணாம். நாங்க பாக்க வாங்கு."

லோகநாதன் அண்ணனிடமும் பேசினேன். அவருக்கும் அதே எண்ணம்தான். ஆகவே என் சம்மதம் இதுதான்: வோட்டில் என் பெயர் வந்தால், விழா திருவொற்றியூரில் நடக்க வேண்டும். என் கட்சிக்காரர்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும். பேரவைக்கு ஒத்து வராவிட்டால் எனக்கு வருத்தமில்லை.

இனி போனிலும் கூப்பிடலாம். ஆனாலும் கடிதமே எழுது. கடிதத்தில் உன்னால் என் பேச்சை வெட்ட முடிவதில்லை.

துஆவுடன்,
உமைமா


நுங்கம்பாக்கம்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள உமைமாவுக்கு,

நீ ஜெயித்துவிட்டாய். இரண்டு பக்கத்து வோட்டும் உனக்குத்தான் அதிகம்.

இடம்தான் தகராறாகிவிட்டது. "ஏசி ஹாலை விட்டுட்டு, லாரிப் புழுதியில திருவொற்றியூர் வரைக்கும் போகணுமா?" என்று சிலர் முனகினார்கள். பென்னி சார்தான், "அந்தம்மா இத்தனை வருஷமா அந்தப் புழுதியிலேருந்துதானே நம்மகிட்ட வந்து ஜெயிச்சிட்டுப் போறாங்க? ஒரு நாள் நாம போனா என்ன?" என்றார். தேரடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் பேசிவிட்டோம்.

முன்மொழிந்தவன் என்பதால் உன்னைப் பற்றி நான்தான் மேடையில் பேச வேண்டும். அன்று கோர்ட்டில் நடந்ததைச் சொல்ல ஆசை. அந்த வார்த்தைகள் குப்பம்மாவுடையவை. அவர் வேண்டாம் என்றால் சொல்ல மாட்டேன். கேட்டு எழுது.

திருமுருகன்


கல்மண்டபம், ராயபுரம்
17 ஜூன் 2025

அன்புள்ள முருகாவுக்கு,

விழாவன்று பேசி முடித்ததும் சாப்பிடாமல் நழுவிவிட்டாய். அம்மாவும் வினிதாவும் பந்தியில் உன்னைத் தேடினார்கள். நீ இல்லாதபோது நடந்ததை எழுத வேண்டும் என்றிருந்தேன், வேலையில் தள்ளிப்போய்விட்டது.

குப்பம்மா சரியென்று சொன்னபடியே அவள் பதிலை மேடையில் நீ நம்மூர்ப் பேச்சிலேயே சொன்னாயே, அப்போது முன்வரிசைப் பெண்கள் கைதட்டவில்லை. உனக்குப் பயமாக இருந்திருக்கும். உன் முகத்தைப் பார்த்தேன். பந்தியில்தான் காரணம் தெரிந்தது. குப்பம்மா சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நான் சொன்னத அப்டியே சொன்னான்யா. அத்தினி வக்கீலுங்கோ வாயப் பொத்திகினு கேட்டாங்கோ. கை தட்டிகினா காதுல வுழுமா?"

வினிதாவின் விஷயம் உனக்கு வீட்டிலேயே தெரிந்திருக்கும். தொழிலாளர் அதிகாரி முன்னிலையில் கம்பெனி இறங்கி வந்தது. திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டாள். பிரசவ விடுப்பும் உண்டு.

வியாழக்கிழமை குப்பம்மா வழக்கில் இறுதி வாதம். அதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். என்மேலோ குப்பம்மாமேலோ இரக்கப்பட்டு ஒரு வாதத்தையும் விட்டுவிடாதே. உன் கட்சிக்காரருக்கு அது துரோகம், எங்களுக்கும் அதனால் நன்மையில்லை. நீ பாதி பேசி நான் ஜெயித்தால், அப்பீலில் வேறொருவர் வந்து மீதியைப் பேசுவார். உன்னிடம் உள்ளதையெல்லாம் கொண்டு வா. அத்தனைக்கும் நான் பதில் சொல்லி அவள் வேலை திரும்பினால்தான், அதை யாராலும் பிடுங்க முடியாது.

நன்றாகத் தூங்கி எழுந்து வா. உன்னைத் தவிர வேறு யாரும் எதிரே நிற்பதை நான் விரும்பவில்லை.

உன் தோஸ்து,
உமைமா