ஐந்தைத் தாண்டி ஆறைப் படித்தவன்

அப்பாவுக்கு வணக்கம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

என் அறைத்தோழன் செவ்வாய்க்கிழமையிலிருந்து வேலைக்கு வரவில்லை என்று மேஸ்திரி இன்று காலை உறுதிசெய்தார். பதற வேண்டாம். நகரத்துக்கு அடியில் இன்னொரு நகரம் இருப்பதாகச் சொல்லும் ஏழு பாக நாவலை அவன் நூலகத்தில் எடுத்துப் படித்துவந்தான். ஐந்தாம் பாகம் கிடைக்காததால் ஆறுக்குத் தாவினான். அதில் வரும் பச்சைக் கதவு எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்திலும் இருக்கிறது. "சும்மா எட்டிப் பாத்துட்டு வரேன்டா" என்று சிரித்துக்கொண்டே இறங்கினான்.

நூலகர் என்னைத்தான் திட்டினார். "வரிசையாப் படிக்க வேணாமா தம்பி? எப்படித் திரும்பி வரணும், எதுக்குக் கதவைத் திறக்கக் கூடாது, எல்லாம் அஞ்சுலதானே இருக்கு!"

நேற்றிலிருந்து கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டுகிறார்கள். அவன்தானா என்று தெரியவில்லை, நான் திறக்கவில்லை. முடிந்தால் தினமும் போன் செய்யுங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது.

ஐந்தாம் பாகத்தை எடுத்தவர் வெள்ளிக்கிழமை திருப்பித் தர வேண்டும்.

உங்கள் சின்னவன்