அப்பாவைக் கூடையில் இறக்கிய நாள்

அல் குசைஸ்,
நவம்பர் 24

அன்புள்ள இளாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். அந்த வார்த்தையை இந்தத் தடவை ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன், பொய் இல்லை. அங்கே ட்ரெஸ்டனில் குளிர் இறங்கியிருக்கும், நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாய் என்று நம்புகிறேன். வாராவாரம் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நாம் பேசும்போது அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் ஹாலில் இருக்கும் டேப்லெட்டிலும் அது வந்து நிற்கிறது. அதனால் ஸ்கூலில் எனக்கு வகுப்பு இல்லாத பீரியடில் ஸ்டாஃப் ரூம் மூலையில் உட்கார்ந்து எழுதுகிறேன், முடித்ததும் ஆபீஸ் ஸ்கேனரில் போட்டு அனுப்பிவிடுவேன். வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை, ஏசி மறுபடி ஒழுகுகிறது, எதிர் ஃப்ளாட் தாமரை ஆன்ட்டி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். சனிக்கிழமை நீ போனில், ஏப்ரலில் நாங்கள் போய்வந்த அதே மலைக்கு டிக்கெட் போட்டுவிட்டேன் என்று குதித்தாய், அப்பாவும் போயிட்டு வா, அருமையான இடம், எங்களுக்கு மூட்டு வலி வந்ததால்தான் பாதியில் திரும்பினோம் என்றார். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதுதான் இரண்டு நாளாக என்னை அரிக்கிறது. மூட்டு வலி இல்லை இளா. அப்பாவுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது, மூன்று நாள் ஒரு அறையில் அடைபட்டுக் கிடந்தோம், இன்னும் ஒரு நாள் அங்கே இருந்திருந்தால் நான் தனியாகத்தான் துபாய் திரும்பியிருப்பேன்.

முதலில் இருந்து சொல்கிறேன், பதறாமல் படி. அப்பா ஆபீஸில் பாலமுரளி இருக்கிறாரே, அப்பாவிடம் வேலை கற்றுக்கொண்டு போன வருஷம் அப்பாவுக்கே மேனேஜராக வந்தவர், அவர்தான் இந்த ட்ரெக்கை ஏற்பாடு செய்தார். ஜெபல் அலி ஆபீஸில் இருந்து ஒன்பது பேர், எல்லாருக்கும் முப்பது முப்பத்தைந்து வயது. சார் உங்களுக்கு இது கஷ்டம், இன்னொரு தடவை ஏதாவது சுலபமான இடமாகப் பார்க்கலாம் என்று அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த ஒரு பேச்சு அப்பாவுக்கு உறைத்துவிட்டது. மார்ச்சில் ரிட்டையர் ஆகப்போகிற மனுஷன், முதுகில் அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு நம் பில்டிங்கின் பதினோரு மாடியையும் ஏறி இறங்கினார். அவரைத் தனியாக அனுப்ப மனசில்லாமல்தான் நானும் பேர் கொடுத்தேன். காத்மாண்டுவில் இருந்து குட்டி விமானத்தில் லுக்லாவில் இறங்கி முதல் மூன்று நாள் நன்றாகத்தான் போயிற்று. ஷெர்பா ஊர்கள் அவ்வளவு சுத்தம், கல் சுவர் கட்டிய உருளைக்கிழங்கு வயல், நீல ஜன்னல் வைத்த வீடுகள், வழியெல்லாம் மந்திரம் செதுக்கிய பாறைகள், அவற்றை எப்போதும் இடது பக்கமாகத்தான் சுற்றிப் போக வேண்டும் என்று எங்கள் கைடு பெம்பா சொல்லிக் கொடுத்தார். நாற்பது வயதிருக்கும், சத்தமே போடாத ஆள். காலையும் மாலையும் எல்லார் விரலிலும் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்து, தலை வலிக்கிறதா, தூக்கம் வந்ததா என்று ஒவ்வொருவராகக் கேட்பார். அப்பா ஒவ்வொரு தடவையும் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்பார். என் பையில் இருந்த தலைவலி மாத்திரை அட்டை காலியானதை நான் திங்போச்சேயில்தான் கவனித்தேன். அதற்கு முன்னால் வழியில் தங்கிய நாம்சேயில் இருந்தே அவருக்குத் தலை வெடித்திருக்கிறது, என்னிடம்கூடச் சொல்லவில்லை.

திங்போச்சே என்பது பதினாலாயிரம் அடிக்கு மேல் இருக்கிற ஊர். அங்கே ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டு மறுநாள் காலை எல்லாரும் அடுத்த ஊருக்குக் கிளம்பும்போது அப்பாவுக்கு இருமல், ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிர முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மெஷினில் ஆக்சிஜன் எழுபத்தொன்று காட்டியது, அங்கே எண்பதுக்கு மேல் இருக்க வேண்டுமாம். விரல் குளிர்ந்துபோயிருக்கிறது, அதனால்தான் என்று அப்பா கையைத் தேய்த்துக்கொண்டார். பெம்பா இந்தியில் தெளிவாகச் சொன்னார், சாப், இப்போதே கீழே இறங்குவோம், வானம் தெளிவாக இருக்கிறது, மத்தியானத்துக்குப் பிறகு எனக்கு உத்தரவாதம் இல்லை என்று. அப்பா கேட்கவில்லை. ஒரு நாள் படுத்தால் சரியாகிவிடும், நாளைக்கு மேலே போய் அவர்களோடு சேர்ந்துகொள்கிறேன் என்று பிடிவாதம். பாலமுரளி தயங்கி நின்றபோது, நீங்கள் கிளம்புங்கள், எனக்காக யாரும் நிற்க வேண்டாம் என்று கொஞ்சம் கோபமாகவே சொல்லி அனுப்பினார். நான் என்ன செய்தேன் என்று கேள். ஒன்றும் செய்யவில்லை. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருபத்தெட்டு வருஷப் பழக்கம். மற்றவர்கள் துணை கைடோடு மேலே போனார்கள், பெம்பா எங்களோடு தங்கினார். மூன்று மணிக்குப் பனி கொட்ட ஆரம்பித்தது.

அந்த அறையை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நம் வீட்டு ஸ்டோர் ரூமைவிடக் கொஞ்சம் பெரியது, ப்ளைவுட் சுவர், இரண்டு கட்டில், நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம். ஜன்னல் கண்ணாடி உள்பக்கமே உறைந்து வெள்ளையாகிவிட்டது, வெளியே பார்க்க முடியாது. இரண்டாம் நாள் காலையில் வாசல் கதவைத் திறந்தால் மார்பளவு பனி சுவர் மாதிரி நிற்கிறது. போன் போய்விட்டது, கரண்ட் போய்விட்டது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு மருத்துவ நிலையம் உண்டாம், நடந்தால் ஒரு மணி நேரம்தான், ஆனால் நடுவில் இருக்கிற மேட்டில் எந்த நேரமும் பனி சரியலாம் என்றார்கள். மேகம் விலகாமல் ஹெலிகாப்டரும் வராது. பெம்பாவிடம் ஒரே ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வைத்தோம், அவர் கிட்டில் இருந்த மாத்திரையையும் கொடுத்தார். அப்பா படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார், ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே தண்ணீர் கொதிக்கிற மாதிரி சத்தம். உதடு நாவல்பழம் தின்றவர் மாதிரி இருந்தது. எனக்கு அங்கே இருக்கவும் முடியவில்லை, வெளியே போகவும் இடமில்லை. ஒரு தடவை வராந்தாவில் நின்று, என்னை யாராவது வெளியே விடுங்கள் என்று தமிழில் கத்தினேன் இளா, யாரைப் பார்த்துக் கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

அந்த லாட்ஜை நடத்துவது யாங்ஜி என்ற பெண், என் வயதுதான் இருக்கும். கத்தல் கேட்டு வந்து என் தோளைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிப்போனாள், சாண வறட்டி எரிகிற இரும்பு அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்து உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர் கொடுத்தாள். நான் துபாய் என்றதும் சட்டென்று அரபியில் பேச ஆரம்பித்துவிட்டாள். குவைத்தில் மங்காஃபில் ஒரு வீட்டில் வேலை பார்த்தாளாம். பதினாலு மாசம் அந்த வீட்டு வாசலைத் தாண்ட விடவில்லையாம், போன் மாஃபி, லீவு மாஃபி, எதுவும் இல்லை, பாஸ்போர்ட் பீரோவுக்குள். வீட்டுக்காரரின் அக்கா உம்மு ஹானி என்று ஒரு அம்மா, எப்போதாவது வந்து போகிறவர், ஒரு நாள் மத்தியானம் வந்தார், இவள் முகத்தைப் பார்த்தார், நேராக பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, யல்லா, கிளம்பு என்று இவள் கையைப் பிடித்துக் காரில் ஏற்றித் தூதரகத்தில் இறக்கிவிட்டாராம். அரபியும் இந்தியும் கலந்து அவள் சொல்லி முடித்தபோது பெம்பா உள்ளே வந்தார். அது மூன்றாம் நாள் காலை. பனி நின்றுவிட்டது, ஆனால் மேகம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சிலிண்டர் முடிந்துவிட்டது, கீழே பாங்போச்சே வரைக்கும் வழி போட முடியும் என்று நினைக்கிறேன், ஊர் ஆட்களோடு நாலு பேர் மாற்றி மாற்றிக் கூடையில் சுமந்துவிடுவோம், ஆனால் சாப் வேண்டாம் என்கிறார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றார். நான் போய் அப்பாவிடம் கேட்டேன். என்னை மூட்டை மாதிரி தூக்க விடாதே பாரதி, நாளைக்கு ஹெலிகாப்டர் வந்துவிடும் என்றார், இதைச் சொல்லி முடிக்கவே அவருக்கு நாலு மூச்சு வேண்டியிருந்தது. நான் திரும்பி வந்து அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். யாங்ஜி என்னை ஒரு பார்வை பார்த்தாள். உம்மு ஹானி தம்பியைக் கேட்கவில்லை தீதி, கேட்டிருந்தால் நான் இன்னும் அங்கேதான் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், எழுந்து போய்க் கம்பளியை எடுத்துவர ஆரம்பித்தாள். நான் பெம்பாவிடம் தூக்குங்கள் என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

மூங்கில் கூடையின் ஒரு பக்கத்தை வெட்டிக் காலைத் தொங்கப்போட வழி செய்து, அப்பாவைக் கம்பளியில் சுற்றி உட்கார வைத்துக் கட்டினார்கள். நெற்றியில் பட்டை மாட்டி ஒரு ஆள் சுமக்க, இருவர் முன்னால் பனியை மிதித்து வழி போட, ஒருவர் பக்கத்தில் பிடித்துக்கொள்ள, நான் பின்னால். அப்பா முதலில் திட்டினார், பிறகு திட்டவும் மூச்சில்லை. கூடையில் உட்கார்ந்தவர் பின்பக்கம் பார்த்துத்தான் இருக்க முடியும், அதனால் வழி முழுக்க அவர் முகம் எனக்கு நேராகவே இருந்தது. இரண்டரை மணி நேர வழி எட்டு மணி நேரம் ஆயிற்று. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் அவ்வளவு நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதே இல்லை. ஒரு இடத்தில் பாதை இரண்டு அடி அகலம், கீழே ஆறு, சுமந்தவருக்குக் கால் வழுக்கி முட்டி போட்டுவிட்டார், கூடை ஒரு பக்கம் சாய்ந்தது. அப்போது அப்பா கண்ணை மூடவில்லை, என்னைத்தான் பார்த்தார். நான் தப்பு செய்துவிட்டேனோ என்று அந்த ஒரு நிமிஷத்தில் நினைத்ததை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். பெம்பா பட்டையைப் பிடித்து நிறுத்தினார். இருட்டுவதற்குள் பாங்போச்சே வந்துவிட்டோம், அங்கே வேறு சிலிண்டர் கிடைத்தது, இறங்கிய ஆயிரத்து முந்நூறு அடியிலேயே அவர் மூச்சுச் சத்தம் மாறிவிட்டது. மறுநாள் வெயில் வந்தது, ஹெலிகாப்டரும் வந்தது. காத்மாண்டு ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி, மேலேயே இன்னொரு நாள் காத்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார். பாலமுரளியும் மற்றவர்களும் மேலே பத்திரமாக இருந்து நாலு நாள் கழித்து இறங்கினார்கள்.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. நாங்கள் பிழைத்து வந்தோம், ஆனால் அந்த அறையை விட்டு இன்னும் வெளியே வரவில்லையோ என்று தோன்றுகிறது. அப்பா மெடிக்கல் லீவில் இருக்கிறார், பெட்ரூம் திரையைத் திறக்க விடுவதில்லை. பாலமுரளி பழம் வாங்கிக்கொண்டு வந்தபோது தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டார். என்னிடம் சாப்பாடு, மாத்திரை தவிர வேறு பேச்சு இல்லை. ஒரே ஒரு தடவை, என்னைக் கேட்காமல் கூடையில் வைத்துக் கட்டினாயே என்றார். உன்னிடம் மட்டும் சிரித்துப் பேசுகிறார், போனை வைத்ததும் முகம் மறுபடி மூடிக்கொள்கிறது.

இதுவரைக்கும் நேற்று ஸ்கூலில் எழுதியது. மீதியை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன், ஏன் என்று சொல்கிறேன். நேற்று சாயங்காலம் நான் டீ போட்டுக்கொண்டு இருந்தபோது என் பையில் கண்ணாடி துடைக்கிற துணியைத் தேடிய அப்பா இந்தத் தாள்களைப் பார்த்துவிட்டார். எல்லாவற்றையும் படித்துவிட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்திருந்தார். கிழித்துப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டே போனேன். கிழிக்கவில்லை. ஒரு இடத்தில் விரலை வைத்து, என்னிடம்கூடச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய், ஏன் சொல்லவில்லை என்று எழுதவில்லையே என்றார். எனக்குத் தெரியாதே என்றேன். தாள்களை ஒன்றாக அடுக்கி வைத்தார். பிறகு, பயந்துபோய்த்தான் சொல்லவில்லை என்று எழுது பாரதி, தலை வலிக்கிறது என்று வாயைத் திறந்தால் என்னைக் கிழவன் என்று ஒதுக்கி வைத்துவிடுவார்கள் என்று முதல் நாளில் இருந்தே பயம், கூடையில் உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பயம் போயிற்று, அதற்குப் பிறகு ஒளிக்க ஒன்றும் இல்லையே என்றார். சொல்லிவிட்டு அழுதார் இளா. நான் பார்த்ததே இல்லை. டீ ஆறிவிட்டது, மறுபடி சுட வைத்து இருவரும் குடித்தோம்.

போக வேண்டாம் என்று நான் உன்னைத் தடுக்கவில்லை. போ, அந்த மலையைப் பார். கைடு இறங்கு என்றால் அந்த நிமிஷமே இறங்கு, தலை வலித்தால் உடனே சொல், கூட வருகிறவர்கள் சிரித்தாலும் சொல். இன்சூரன்ஸில் ஹெலிகாப்டர் உண்டா என்று கையெழுத்துப் போடும் முன்பே படித்துப் பார். கடவுள் துணையில் நீ நினைத்ததெல்லாம் நடக்க வேண்டும், நூறு வயசு நல்லபடியாக இருக்க வேண்டும், எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் பண்ணு, என்னிடம் எதுவும் கேட்காதே, அப்பாவிடமே கேள். நடுவில் குறுக்கே பேசாதே, அவர் மெதுவாகத்தான் சொல்வார், சொல்லி முடிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயபாரதி சேதுமாதவன்