எழுத்துக்கல்லைப் பெயர்க்கச் சொன்னது யார்

கீழ்க்குப்பம், நகரி வழி
ஹேவிளம்பி வருஷம் ஐப்பசி 28

பிலாயில் இருக்கும் என் மகன் முனிகிருஷ்ணனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் ஒருத்தி இருக்கேன், ஒத்தை மாடு ஒண்ணு இருக்குது, ரெண்டும் நல்லபடியா இருக்கோம். அங்கே நீயும் சுலோசனாவும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாம இருக்கணும், இருக்கீங்கன்னு ஒரு கார்டாவது போடு.

அன்னிக்குத் தளிகை மண்டபத்துல யார் யார் இருந்தாங்கன்னு எனக்கு மறந்துபோச்சுன்னு உன் மாமன் ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறான், அதனால முதல்ல அதை எழுதிடறேன். போன வருஷம் ஆவணி மாசம் ரெண்டாவது வெள்ளிக்கிழமை, பொழுது ஒரு பனை உயரம் ஏறி இருக்கும். முன்சீப்பு செங்கல்வராயன், என் தம்பி, உனக்கு மாமன், மாமனாரும் அவன்தான், மேற்குப் படியில குடை பிடிச்சுக்கினு நின்னான், வெயிலும் இல்லை மழையும் இல்லை, முன்சீப்புன்னு தெரியணுமே அதுக்குக் குடை. கல்லு வேலை செய்யற ரங்கையா. அவன் பொண்டாட்டி யசோதா, தோள்ல வடக்கயிறு. மண்டபத்துல விளக்கு வைக்கிற ஜெயம்மா, கையில எண்ணெய்க் கிண்ணி. லீவுல வந்திருந்த நீ, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கினு கடப்பாரையைப் பிடிச்சுக்கினு. உங்க நைனா. மோர்ப்பானையோட நான். ஏழு பேரு. எட்டாவது ஆள் இல்லை. இருட்டும் இல்லை. நீயும் அங்கே இருந்தவன்தானே, உனக்கு எதுக்கு இதை எழுதணும்னு கேட்பே. போன கடுதாசியில, எனக்குச் சரியா ஞாபகம் இல்லை அம்மான்னு எழுதினியே, அதுக்குத்தான்.

ரெண்டாங் கிளாசோட நிறுத்தினவ நான், இதை எழுத மூணு நாளாச்சு. முன்னே போஸ்ட்மேன் எழுதிக் கொடுப்பான், இப்போ அவன்கிட்ட சொன்னா உன் மாமன்கிட்ட போய் ஒப்பிச்சிட்டுத்தான் பையில போடறான். எழுத்து கோணலா இருக்கும், சிரிக்காதே, சுலோசனாவுக்கும் படிச்சுக் காட்டு, அவ நைனாவைப் பத்தித்தான் எழுதறேன், ஒளிச்சு வைக்க ஒண்ணும் இல்லை.

அந்தக் கல்லுக்கு என்ன கேடு வந்தது சொல்லு. பதினாறு கால் மண்டபம், எந்தக் காலத்துல யார் கட்டினதோ, புரட்டாசி பொறந்தா திருத்தணிப் பக்கத்துல இருந்து பெருமாள் மலைக்கு நடந்து போற ஜனங்க அத்தனையும் அங்கேதான் தங்கி, பொங்கிப் படைச்சுத் தளிகை போடும். வடகிழக்கு மூலையில தூலம் விரிஞ்சுபோய் அதுக்கு முட்டா நின்னுது எழுத்துக்கல்லு. அதுல தமிழ் எழுத்து இருக்குது, விளக்குக்கு நிலம் விட்டதா எழுதியிருக்குதுன்னு ஒரு வாத்தியார் படிச்சுச் சொல்லிட்டுப் போனாரு, அவ்வளவுதான் நமக்குத் தெரியும். எல்லை பார்க்கிற ஆபீசருங்க வர்றாங்க, பழைய கல்லுல என்ன எழுத்து இருக்குதோ அந்த ஊரு அந்தப் பக்கம்னு ஒரு பேச்சு கிளம்பிச்சு. அதைத் தெரிஞ்சுக்கினு யாரோ ராவோட ராவா உளி வச்சு எழுத்தைக் கொத்திடப் போறாங்கன்னு இன்னொரு பேச்சு. உங்க நைனாவுக்குத் தூக்கம் போச்சு. கல்லைப் பெயர்த்து நம்ம கொட்டகையில வைக்கோலுக்கு அடியில வச்சிடலாம், ஆபீசர் வந்ததும் எடுத்துக் காட்டலாம்னு அவருதான் சொன்னாரு. உன் மாமன் சரின்னான். ரங்கையா வேணாம்னான். ராயி தீஸ்தே தூலம் நிலவதய்யான்னு மூணு தரம் சொன்னான், கல்லை எடுத்தா தூலம் நிக்காதுன்னு, நான் மோர் ஊத்திக்கினே கேட்டேன். அதுக்கு உங்க நைனா, எங்க பாஷைக் கல்லு தப்பிக்கக் கூடாதுன்னு பார்க்கறியாடா தெலுங்குக்காரான்னு அவனைக் கேட்டாரு. அப்புறம் அவன் கல்லைப் பெயர்த்துக் கொடுத்தான். நாலு நாள் கூலியை வேணாம்னுட்டு, பனை முட்டு ஒண்ணை வெட்டிச் சீவிக் கல்லு இருந்த எடத்துல நிறுத்திட்டுப் போனான், இது மழை வர்ற வரைக்கும்தான், அதுக்குள்ள கல்லைத் திருப்பி வச்சிடுங்கன்னு சொல்லிட்டுத்தான் போனான்.

ஆபீசருங்க வந்தாங்க. ஜீப்பை விட்டு இறங்கலை. எந்த ஊர்ல எந்த பாஷைக்காரங்க எத்தனை பேருன்னு எழுதின காகிதம் அவங்க மடியிலயே இருந்தது, உங்க நைனா கல்லு கல்லுன்னு கத்திக்கினு பின்னாலயே ஓடினாரு, தூசிதான் மிச்சம். நம்ம ஊரு ஆந்திராவோடதான்னு இப்போ சொல்லிட்டாங்க. எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்லை, சந்தையில தெலுங்கு பேசுவேன், வீட்டுல தமிழ் பேசுவேன், எந்தப் பக்கம் கோடு போட்டாலும் அடுப்பு ஊதறது நான்தான். ஆபீசரு போனதும் கல்லைத் திருப்பி வைங்கன்னு நான் தினமும் சொன்னேன். வச்சா ஊரு சிரிக்கும்னாரு. அந்தப் பனை முட்டு ஆனையைக் கட்டினாலும் தாங்கும்டின்னாரு. கார்த்திகை வரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் சோறு போடற நேரத்துல எல்லாம் இந்தச் சண்டைதான்.

கார்த்திகையில புயல் அடிச்ச அன்னிக்கு நீ இல்லை, தந்தி பார்த்து மூணாம் நாள் வந்தவன், அதனால உனக்கு யாரும் சொல்லாத ஒண்ணைச் சொல்றேன். மத்தியானம் அது. கழனியில இருந்து மாடு ரெண்டையும் ஓட்டிக்கினு வந்தவரு மழைக்கு மண்டபத்துல ஒதுங்கினாரு. நான் வேலியண்டை கோணி போட்டுக்கினு நின்னு, அங்கே நிக்காதீங்க வீட்டுக்கு வந்திடுங்கன்னு கத்தினேன். மண்டபத்துக்கும் நம்ம வேலிக்கும் நாப்பது அடி, அளந்து பார்த்துட்டுத்தான் எழுதறேன். நான் கத்தினது அவருக்குக் கேட்டுது. கேட்டு என்ன பண்ணாரு தெரியுமா, அந்தப் பனை முட்டுக்கிட்ட போய் கையால ரெண்டு தட்டுத் தட்டி, பார்த்தியான்னு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாரு. அப்போதான் விழுந்துச்சு. பெரிய மாடு படுக்கற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். ஊரே ஓடி வந்து தள்ளி நின்னுது, மிச்சமும் விழும்னு. உள்ளே போனவன் ரங்கையா ஒருத்தன். தூலத்தை நெம்பி முதுகைக் கொடுத்துத் தூக்கி அவரை வெளியே இழுத்தது அவன். அன்னிக்கு ஒடிஞ்ச முதுகு இன்னும் நேராகலை.

அந்த ரங்கையா மேலதான் இப்போ கேசு. கல்லைத் திருடி விக்கறதுக்காக ராத்திரி வந்து பெயர்த்தான், அதனால மண்டபம் விழுந்து ஒரு உயிர் போச்சுன்னு. நைனாவுக்குப் பன்னண்டாம் நாள் காரியம் நடக்கும்போது உன் மாமன் வண்டி கொண்டாந்து கொட்டகையில இருந்த கல்லை ஏத்திக்கினு போனானே, பத்திரமா வைக்கறேன்க்கான்னான், நானும் அழுகையில தலையாட்டினேன். அது ரங்கையா குடிசைக்குப் பின்னால கிடந்து கண்டுபிடிச்சாங்களாம். மண்டபத்துக்குப் பொறுப்பு முன்சீப்பு, அவன் சரின்னு சொல்லித்தான் பெயர்த்தாங்கன்னு தெரிஞ்சா வேலை போயிடும், இதுக்கு மேல என்ன காரணம் வேணும். கேட்டா, மாமா பேரைக் காப்பாத்தத்தானேக்கா செய்யறேன்னு கண்ணைத் துடைச்சுக்கறான். என் சீமந்தத்துக்குத் தாய் வீட்டு வரிசைன்னு கொண்டாந்த தட்டுல இருந்து ரெண்டு தேங்காயைத் திருப்பி எடுத்துக்கினு போனவன் அவன், நான் எதையும் மறக்கலை.

ஆனா அவன் சொன்ன பொய்யை எழுத்தாக்கினது நான்தான், அதைத்தான் உனக்குச் சொல்லணும். ஆடி மாசம் தாலூகா கச்சேரியில என்னை விசாரிச்சாங்க. கிளார்க்கு சின்ன வயசு, மரியாதையாத்தான் கேட்டான், ராயி தீயமன்னதி எவரம்மான்னு, கல்லைப் பெயர்க்கச் சொன்னது யாருன்னு. எனக்குத் தெரியும். நாக்கு நுனியில இருக்குது. தாலி ஏறின நாளா அந்தப் பேரு என் வாயில வந்ததில்லை. மலைக்கு நடக்கும்போது எல்லாரும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கோவிந்தா போடுவாங்க, பேரு வர்ற எடத்துல நான் வாயை மூடிக்கினு கோவிந்தாவுல சேர்ந்துக்குவேன், உனக்குத் தெரியும், சின்னதுல நீ அதுக்கு என்னைக் கேலி பண்ணுவே. தலை எண்ண வந்தவங்க கேட்டாலும், ஆஸ்பத்திரியில கேட்டாலும் பக்கத்துல இருக்கிறவங்களைத் திரும்பிப் பார்ப்பேன், அவங்க சொல்லிடுவாங்க. அதே பழக்கத்துல அன்னிக்கும் பக்கத்துல திரும்பினேன். பக்கத்துல நின்னவன் உன் மாமன். நீ சொல்லுடான்னு கண்ணைக் காட்டினேன். அவன் மணி அடிச்ச மாதிரி ரங்கையான்னான். கிளார்க்கு எழுதிட்டான். அய்யோ அவன் இல்லைன்னேன். அப்போ யாருன்னான். மறுபடியும் வாய் வரலை, வடக்கே மலையைக் கை காட்டினேன். தேவுடு தீயமன்னாடா, சாமியா எடுக்கச் சொன்னாருன்னு கேட்டுச் சிரிச்சான், கச்சேரியே சிரிச்சுது. அக்காவுக்குப் புருஷன் போன துக்கத்துல புத்தி தடுமாறுதுன்னு உன் மாமன் சொன்னான். கையெழுத்துப் போட மாட்டேன்னு எழுந்து வந்துட்டேன், அதனால இன்னொரு வாய்தா. கார்த்திகை ஆறாம் தேதி.

அன்னியில இருந்து இந்த வீட்டு வாசலை யாரும் மிதிக்கலை. கிணத்தண்டை போனா பேச்சு நின்னுடுது. ஜெயம்மா கூட, எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, நான் எண்ணெய் ஊத்த வந்தவன்னு சொல்லிட்டுக் குடத்தைத் தூக்கிக்கினு போறா. மண்டபத்துத் தூணை எல்லாம் உடைச்சு ரோட்டு மதகுக்குக் கொண்டு போயிட்டாங்க, இந்தப் புரட்டாசியில நடந்து வந்த ஜனம் நிக்க எடம் இல்லாம நேராப் போயிடுச்சு, கோவிந்தா சத்தம் வரும்போதே தேஞ்சுக்கினு போகுது. ஒரு வேளை ஆக்கி ரெண்டு வேளை துன்னறேன். அந்த ஒத்தை மாட்டுக்கிட்டதான் பேச்சு, அதுவும் ஜோடி போனதுல இருந்து தீனியைச் சரியா எடுக்கறதில்லை. யசோதா மட்டும் ரெண்டு நாளைக்கு ஒரு தரம் வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கறா. உள்ளே வாடின்னா வரமாட்டா. திட்டவும் மாட்டா. திட்டினா கூட நல்லா இருக்கும்.

நீ வந்து என் பக்கத்துல நின்னு நைனா பேரைச் சொல்லிடுடா, பிள்ளை சொல்லலாம்னு எழுதினேன். லீவு இல்லை, செத்தவர் பேரை எதுக்குச் சந்தி சிரிக்க வைக்கணும், எனக்குச் சரியா ஞாபகம் இல்லைன்னு எழுதிட்டே. வருஷத் திதிக்கும் வரலைன்னுட்டே. சரி. சுலோசனாவுக்கு அப்பன், உனக்கு நைனா, ரெண்டு பக்கமும் இடிக்குது, எனக்குப் புரியாம இல்லை. ஆனா உள்ளே போய் முதுகைக் கொடுத்தவன் ஜெயிலுக்குப் போகணும், வெளியே நின்னவங்க எல்லாம் நல்லவங்களா இருக்கணும்னா அது எனக்குச் சோத்துல இறங்காது. நீ வர வேணாம். ஆறாம் தேதி நானே போறேன். யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டேன். நான் என்ன சொல்லப் போறேன்னு வேற ஆள் வாயால நீ கேட்கக் கூடாதுன்னுதான் முன்னாடியே எழுதறேன்.

குழந்தைக்குத் தலைக்கு ஊத்தினா சாம்பிராணி காட்டச் சொல்லு, அந்த ஊர்த் தண்ணியைக் காய்ச்சாம குடிக்காதீங்க. இரும்பு உருக்கற எடம்னு சொல்றாங்க, மேலே தொங்கற எதுக்கும் கீழே நிக்காதே, நிக்க வேணாம்னு ஒருத்தன் சொன்னா அவன் எந்த பாஷையில சொன்னாலும் நகர்ந்துடு. நீயும் உன் பொண்டாட்டியும் குழந்தையும் நூறு வருஷம் நல்லா இருக்கணும், என் ஆயுசையும் சேர்த்து இருக்கணும். திதி அன்னிக்கு அங்கேயே ஒரு பிடி எள்ளும் தண்ணியும் விட்டுடு, மறக்காதே.

உன் மாமனை ஒரு நாள் மன்னிச்சிடுவேன், அவன் பொறந்ததுல இருந்தே பயந்தாங்கொள்ளி. கடப்பாரை பிடிச்சதை மறந்துட்ட உன்னையும் மன்னிச்சிட்டேன், நீ நான் பெத்தது. நாப்பது அடி நடந்து வீட்டுக்கு வந்திருந்தா தான் தோத்த மாதிரி ஆயிடும்னு, எனக்குப் பதில் சொல்றதுக்காகவே அந்த முட்டுக்கிட்ட போய் நின்னவரு ஒருத்தரு, என்னை இந்த வீட்டுல ஒத்தையில விட்டுட்டுப் போனவரு, அவரை மட்டும் மன்னிக்க மாட்டேன். கச்சேரியில சொல்லப் போற பேரும் அதுதான், ஒரு தரம் எழுதிப் பார்த்துக்கறேன்.

இப்படிக்கு உன் அம்மா
ரத்னம்மா

வெங்கடரமணன்.