பழகியவர் கையெழுத்து

பெம்பர் லேக், மினசோட்டா
மே 9

மதிப்புக்குரிய வெண்டலுக்கு,

ஆர்லிஸ் எழுதுகிறேன். அரிசோனாவின் வறண்ட காற்று உங்கள் நுரையீரலுக்கு ஒத்துப்போகிறது என்று நம்புகிறேன். இங்கே ஏரியில் பனி உருகிவிட்டது. கொசு இன்னும் வரவில்லை. வருடத்தில் இப்படிப் பத்து நாள்தான் எங்களுக்குக் கிடைக்கும்.

இந்தப் பார்சலில் விமானத்தின் பதிவேடு இருக்கிறது. லெராய் அனுப்பச் சொன்னார். இந்தக் கடிதத்தை அவர் அனுப்பச் சொல்லவில்லை. நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி வைத்திருக்கிறார். நீங்கள் போட்டால்தான் இந்த வருடம் விமானம் பறக்கலாம். ஜூன் பதினான்காம் தேதி எங்கள் பேத்தி மேரனை முதல் தடவையாக மேலே கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அன்று அவளுக்கு ஒன்பது வயது நிறைகிறது.

நீங்கள் இருவரும் பதினோரு வருடம் எங்கள் கார் கொட்டகையில் அந்த விமானத்தைக் கட்டினீர்கள். அத்தனை வருடமும் என் கார் மழையில் நின்றது. வருடாவருடம் விமானத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் உரிமையை, கட்டியவர்களில் ஒருவருக்குத்தான் அரசாங்கம் தரும் என்றபோது நாணயம் சுண்டினீர்கள். உங்கள் பெயர் விழுந்தது. நீங்கள் அங்கே குடிபோன பிறகு மூன்று வருடமாக விமானத்தைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போடுகிறீர்கள். குறை சொல்லவில்லை. சிநேகிதத்துக்காகத்தான் போட்டீர்கள், தெரியும்.

நடந்ததைச் சொல்கிறேன். எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் பழைய சென்சார் உங்களுக்கு நினைவிருக்கும். கடைசி இரண்டு வருடம் அது அறுபதை விட்டு அசையவே இல்லை. எஞ்சின் சூடானாலும் அறுபது, குளிர்ந்தாலும் அறுபது. ஒருமுறை எஞ்சினை நிறுத்திய பிறகும் அறுபதிலேயே நின்றது. லெராய் அதை விசுவாசம் என்றார். போன அக்டோபரில் ஒருநாள் அது சுழியத்துக்கு விழுந்தது. செய்த கம்பெனியை மூடிப் பல வருடமாயிற்றாம். குளிர்காலம் முழுக்கத் தேடி வேறு கம்பெனியின் சென்சார்கள் இரண்டு வாங்கினார். எரிபொருளுக்கு ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று.

எரிபொருள் சென்சார் முன்பு காட்டியதையே காட்டுகிறது. எண்ணெய் சென்சார், எஞ்சின் சூடானதும் நாற்பதுக்கு இறங்கிவிடுகிறது. "ஒரே வயித்துல பிறந்தாலும் ஒருத்தன் யோக்கியன், ஒருத்தன் திருடன்" என்றார் லெராய். திருப்பி அனுப்பி வேறொன்று வரவழைத்தார். அதுவும் நாற்பது. கடைசியில் மெக்கானிக் எர்னியிடம் மின்சாரமே வேண்டாத பழைய மாதிரி மானி ஒன்றை இரவல் வாங்கிக் குழாயில் நேரடியாகப் பொருத்திப் பார்த்தார். நாற்பது.

எர்னி காபியை வைத்துவிட்டு, "இன்னும் என்னய்யா சந்தேகம்? மானி மூணும் சரியாத்தான் சொல்லுது. உன் எஞ்சின்தான் சரியில்ல. பிரிச்சுப் பாத்துடுவோம்" என்றான்.

"மூணு பேர் சேந்து பொய் சொன்னா அது நிஜமாயிடுமா?" என்று கேட்டார் இவர். விமானக் கொட்டகையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அவர்கள் போனதும் ஒரு துண்டு ஒட்டுத்தாளில் "இருபது கூட்டிக்கொள்ளவும்" என்று எழுதி மானிக்குக் கீழே ஒட்டினார். இப்போது மறுபடியும் அறுபது வந்துவிட்டது.

ஒருமுறைதான் வாய் திறந்தேன். எர்னி பிரிக்கட்டுமே என்றேன். கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "எழுபத்தெட்டு வயசுல பிரிச்சா, திரும்பப் பூட்டுறது யாரு ஆர்லிஸ்?" என்றார். அவரால் இனி ஓர் எஞ்சினைப் பூட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

பயணி உட்காரும் இருக்கைக்கு எதிரே சட்டப்படி ஒரு எச்சரிக்கை ஒட்டியிருக்கிறீர்கள். இந்த விமானம் அரசின் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது அல்ல என்று. இருபது வருடமாக அதைப் படித்துக்கொண்டேதான் பறந்தேன். இப்போது மேரன் எழுத்துக் கூட்டாமல் சரளமாகப் படிக்கிறாள். போன வாரம் அதில் உட்கார்ந்து உரக்கப் படித்துவிட்டு, "சும்மாதானே தாத்தா போட்டிருக்கு?" என்று கேட்டாள். "சும்மாதாண்டா கண்ணு" என்றார். என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். வெண்டல், நான் தலையாட்டினேன்.

மகளிடம் சொல்லலாம். சொன்னால் அவள் பிள்ளையை அனுப்பமாட்டாள். அப்புறம் இவர் தனியாகப் பறப்பார். எர்னிக்கும் கையெழுத்துப் போடும் உரிமை உண்டு, ஆனால் பிரிக்காமல் போடமாட்டான். மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர்தான். மாட்டேன் என்று நீங்கள் எழுதினால் இவர் உங்களோடு பேச்சை விட்டுவிடுவார். இவருக்கு வேறு சிநேகிதர் கிடையாது. உங்களுக்கும் அங்கே யாரும் இல்லை என்று நினைக்கிறேன். நான் என்ன கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

மறுத்து எழுத மனம் வராவிட்டால் ஒன்றும் எழுதவேண்டாம். பதிவேட்டை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். தபாலில் தொலைந்தது என்று நான் சொல்லிக்கொள்கிறேன். கோடை முழுவதும் தபால்காரரைத் திட்டிக்கொண்டு உயிரோடு இருப்பார்.

நேரத்துக்கு மாத்திரை சாப்பிடுங்கள். மேரனுக்குப் பத்து வயதும் நிறைய வேண்டும் என்று அங்கிருந்தே வாழ்த்துங்கள்.

என்றும் அன்புடன்,
ஆர்லிஸ் ஹாகன்